மயக்கம் தெளியும் நேரத்து மூச்சு

பெரியம்மாவின் வலது ஆட்காட்டி விரலில் மாட்டிய ஒக்சிமீட்டர் கிளிப் எதையும் காட்டவில்லை. திரையில் வெறும் கோடுதான். நர்ஸ் மிஸ் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து விரலைத் துடைத்தார். முப்பது வருஷத்துத் தேயிலைக் கொழுந்துக் கறை ஒரு துடைப்பில் போகுமா? இடது கை மோதிர விரலுக்கு மாற்றினார். 91. முகமூடியைச் சரிசெய்துவிட்டு, காதருகே குனிந்து, “அம்மே, ஹுஸ்ம கன்ன, ஹொந்தட்ட ஹுஸ்ம கன்ன” என்றார். பெரியம்மா அசையவில்லை. சந்தையில் மரக்கறிக்கு விலை பேசுகிற அளவுக்குச் சிங்களம் தெரிந்தவர்தான். பித்தப்பையை எடுத்த பிறகு மயக்கத்திலிருந்து மேலே வந்துகொண்டிருந்த அந்த நேரத்தில் அந்தச் சிங்களம் எங்கேயோ அடியில் கிடந்தது. அட்டெண்டன் வாசலுக்கு வந்து, தமிழ் தெரிந்த யாராவது உள்ளே வரலாமா என்று கேட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு நான் போனேன். “பெரியம்மா, நல்லா மூச்சி இழுங்க.” இழுத்தார். 93. இன்னொரு தடவை சொன்னேன். 96.

ஊவாவிலுள்ள ஓர் ஆஸ்பத்திரியில் நடந்தது இது. எது என்பது முக்கியமில்லை. அந்த எண் ஏறியதற்குக் காரணம் முகமூடிக்குள் போன ஒக்சிஜனா, என் குரலா என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை. அதன் பின்னாலேயே போய்ப் படித்தபோதுதான், சத்திரசிகிச்சை முடிந்து கண் விழிக்கும் அரை மணி நேரத்துக்கு எவ்வளவு ஒக்சிஜன் கொடுப்பது, எதற்குக் கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்பதில் மருத்துவ உலகமே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை என்பது தெரிந்தது.

பசறை வீதியில் லொறி ஓட்டுகிறவர்கள் ஏற்றத்துக்குப் பயப்படமாட்டார்கள், இறக்கத்துக்குத்தான் பயப்படுவார்கள். மயக்க மருந்தும் அப்படித்தான். பிரித்தானியாவில் நாடு முழுவதும் ஒரு வருஷம் கணக்கெடுத்து 2011 இல் வெளியிட்ட தேசியத் தணிக்கையில், மயக்க மருந்தின்போது நேர்ந்த கடுமையான சுவாசப்பாதை விபத்துகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று தெளியும் நேரத்திலோ தெளியவைக்கும் அறையிலோ நடந்திருந்தது. காரணங்களை ஊகிப்பது கடினமில்லை. குழாய் தொண்டையை விட்டு வெளியே வந்துவிட்டது. ஆனால் தசைகளைத் தளர்த்தக் கொடுத்த மருந்தின் மிச்சம் உடம்பில் இருக்கும். நாக்கு பின்னால் சரிந்து வழியை அடைக்கும். வலிக்குக் கொடுத்த மோர்பின் மூளையிடம் மூச்சை மறந்துவிடச் சொல்லும். மேல்வயிற்றில் வெட்டுக் காயம் இருந்தால் வலிக்குப் பயந்து நோயாளி பாதி மூச்சோடு நிறுத்திக்கொள்வார். பூச்சிமருந்தில் அதிகம் புழங்கியவர்களுக்கு ‘சக்ஸ்’ என்று தியேட்டரில் சொல்லும் சக்சமெத்தோனியம் என்ற தசைத்தளர்த்தி சீக்கிரம் தேயாது. அதைச் சிதைக்கும் நொதியையே அந்தப் பூச்சிமருந்து முடக்கிவைக்கிறது. வெலிமடைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களில் தெளிப்பான் தூக்குகிறவர்கள் தியேட்டருக்குப் போகுமுன் இதை வாய்விட்டுச் சொல்வது நல்லது.

குழாயை எடுக்குமுன் சில நிமிடங்களுக்கு நூறு வீத ஒக்சிஜன் கொடுப்பது நீண்ட காலப் பழக்கம். அதன் கணக்கு எளிது. சாதாரணமாக மூச்சு விட்டு முடித்த நேரத்தில் ஒரு வளர்ந்தவரின் நுரையீரலில் இரண்டரை லீற்றர் அளவு காற்று தங்கியிருக்கும். அதில் ஒக்சிஜன் ஐந்தில் ஒரு பங்குதான், அரை லீற்றர். உடம்பு நிமிடத்துக்குக் கால் லீற்றர் செலவழிக்கிறது. மூச்சு நின்றால் ஓரிரு நிமிடத்துக்குள்ளேயே சிக்கல். அதே நுரையீரலை ஒக்சிஜனால் நிரப்பி வைத்தால் கைவசம் இரண்டு லீற்றருக்கு மேல் இருக்கும். குரல்வளை இறுகி மூடிக்கொண்டாலும் வைத்தியருக்கு யோசிக்க ஆறேழு நிமிடம் கிடைக்கும்.

நைட்ரஸ் ஒக்சைட் இதற்கு இன்னொரு காரணம் சேர்த்தது. சிரிப்பு வாயு என்று பெயர் வாங்கிய இந்த வாயு, மயக்க மருந்தை நிறுத்தியதும் இரத்தத்திலிருந்து நுரையீரலுக்குள் வெள்ளம்போலத் திரும்பி வரும். அங்கிருக்கும் ஒக்சிஜனை ஒதுக்கித் தள்ளிவிடும். 1955 இல் பேர்னார்ட் ரேமண்ட் ஃபிங்க் இதை விளக்கி எழுதினார். முதல் ஐந்து பத்து நிமிடங்களுக்குச் சுத்தமான ஒக்சிஜன் கொடுத்தால் அந்தப் பள்ளத்தைத் தாண்டிவிடலாம். இப்போது நைட்ரஸ் ஒக்சைட்டைக் கைவிடும் தியேட்டர்கள் பெருகிவருகின்றன. காரணம் போனாலும் பழக்கம் போகவில்லை.

பழக்கத்துக்கு எதிரான வாதம் சுவீடனிலிருந்து வந்தது. நுரையீரலின் சிறு அறைகளைத் திறந்து வைத்திருப்பது பெரும்பாலும் நைட்ரஜன்தான். அதை முழுக்கத் துரத்திவிட்டு ஒக்சிஜனை மட்டும் நிரப்பினால், காற்று வரும் வழி கொஞ்சம் அடைபட்ட இடங்களில் இரத்தம் அந்த ஒக்சிஜனை உறிஞ்சி முடித்துவிடும். அறை சுருங்கி ஒட்டிக்கொள்ளும். 2003 இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 36 ஆரோக்கியமான, புகைக்காத பெண்களை மூன்று பிரிவாகப் பிரித்து, மயக்கம் கொடுக்குமுன் 100, 80, 60 வீத ஒக்சிஜன் கொடுத்துப் பார்த்தார்கள். நூறு வீதம் பெற்றவர்களின் நுரையீரல் படத்தில் 5.6 வீதப் பரப்பு சுருங்கியிருந்தது. 80 வீதக்காரர்களில் அது 1.3, 60 வீதக்காரர்களில் 0.2. ஆனால் மூச்சை நிறுத்தியபோது இரத்தத்தின் ஒக்சிஜன் செறிவு 90 க்கு இறங்க எடுத்த நேரம் முறையே 411, 303, 213 செக்கன். சுருக்கத்தைக் குறைத்தால் கையிருப்பு நேரமும் குறைகிறது என்பதைத்தான் இந்த எண்கள் சொல்கின்றன. இது மயக்கம் தொடங்கும் நேரத்து ஆய்வு என்பதையும் மறக்கக்கூடாது. தெளியும் நேரத்துக்கு இதை நீட்டிப் பார்த்தவர்கள், கடைசியில் கொடுத்த நூறு வீதம் உண்டாக்கும் சுருக்கத்தை நோயாளி வாட்டுக்கும் எடுத்துச் செல்கிறார் என்கிறார்கள்.

இடையில் கிருமித்தொற்றுக் கட்சி ஒன்றும் புகுந்தது. 2000 இல் 500 குடல் சத்திரசிகிச்சை நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், 80 வீத ஒக்சிஜன் பெற்றவர்களில் 5.2 வீதமானோருக்கும் 30 வீதம் பெற்றவர்களில் 11.2 வீதமானோருக்கும் காயத்தில் தொற்று வந்தது. பாதிக்குப் பாதி! உற்சாகம் ஒன்பது வருஷம் தாங்கியது. 2009 இல் டென்மார்க்கில் 1,400 பேரிடம் செய்தபோது வித்தியாசமே இல்லை: 19.1, 20.1. பிறகு அதே நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்ததில், புற்றுநோய்க்காக அறுவை செய்துகொண்டவர்களில் அதிக ஒக்சிஜன் பெற்றவர்கள் நீண்ட காலத்தில் கூடுதலாக இறந்திருந்தது தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2016 இல், குழாய் போட்டு மயக்கம் கொடுக்கும் வளர்ந்தவர்களுக்கு அறுவையின்போதும் முடிந்து இரண்டு முதல் ஆறு மணி நேரத்துக்கும் 80 வீதம் கொடுக்கச் சொல்லி உறுதியாகப் பரிந்துரைத்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் 2018 இல் அந்தப் பரிந்துரையின் உறுதியைக் குறைத்துக்கொண்டது. நான் பார்த்தவரை, தொற்றைத் தடுக்க ஒக்சிஜன் என்ற வாதத்துக்காக ஊவாவில் ஒரு சிலிண்டரைக்கூடக் கூடுதலாகத் திறக்க வேண்டியதில்லை.

அந்த ஆய்வுகளெல்லாம் நடந்த உடம்பு வேறு, எங்கள் உடம்பு வேறு என்பதுதான் அவற்றைப் படிக்கும்போது திரும்பத் திரும்ப எனக்குத் தோன்றியது.

முதலில் இரத்தம். தோட்டத்துப் பெண்களிடம் இரத்தசோகை புதுச் செய்தியில்லை; பிள்ளை பெறப் போகும் ஒவ்வொருத்தியின் கிளினிக் கொப்பியிலும் ஹீமோகுளோபின் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் இருக்கும். ஹீமோகுளோபின் 14 உள்ள ஒருவரின் நூறு மில்லிலீற்றர் இரத்தம் பதினெட்டரை மில்லிலீற்றருக்குக் குறையாமல் ஒக்சிஜன் சுமக்கும். 8 உள்ளவருடையது பதினொன்றைத் தாண்டாது. இருவரின் விரலிலும் ஒக்சிமீட்டர் 98 என்றே காட்டும். கூடை எத்தனை வீதம் நிரம்பியிருக்கிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். கூடை எத்தனை பெரியது என்பது தெரியாது. இன்னொன்று: உதடு நீலம் பூக்க வேண்டுமானால் நூறு மில்லிலீற்றர் இரத்தத்தில் ஐந்து கிராம் அளவு ஹீமோகுளோபின் ஒக்சிஜனை இழந்திருக்க வேண்டும் என்பது பழைய பாடம். இருப்பதே எட்டுக் கிராம் என்றால், நீலம் தெரியும்போது எல்லாம் முடிந்திருக்கும். வெற்றிலை போட்டுச் சிவந்த வாயில் அந்த நீலத்தை எங்கே தேடுவது? இரத்தசோகைக்காரருக்கு முகமூடி ஒக்சிஜன் மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பயன்படுவதும் இதனால்தான். சுத்த ஒக்சிஜன் கொடுத்தால் இரத்த நீரில் கரைந்து போகும் பங்கு ஒன்றரை மில்லிலீற்றர் வரை ஏறும். பதினைந்து இருபது சுமப்பவருக்கு அது சில்லறை, பத்துச் சுமப்பவருக்குச் சில்லறையில்லை.

பிறகு தோல். விரலில் மாட்டும் ஒக்சிமீட்டரின் அடிப்படையை 1974 இல் ஜப்பானில் தக்குவோ அவோயாகி கண்டுபிடித்தார். 2020 ஏப்ரலில் அவர் காலமானார்; அந்த வருஷம் உலகமே அவர் கருவியை விரலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதே டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. கருவி நல்ல எண் காட்டியும் இரத்தத்தில் உண்மையில் ஒக்சிஜன் குறைந்திருந்தது, வெள்ளை நோயாளிகளில் 3.6 வீதமான அளவீடுகளில். கறுப்பு நோயாளிகளில் அது 11.7 வீதம். எங்கள் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அந்தக் கணக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைத் தனியாகத்தான் அளக்க வேண்டும். ஆனாலும் 92 என்ற எண்ணை வெயிலில் கறுத்த விரலில் பார்க்கும்போது இரண்டு மூன்றைக் கழித்துப் பார்ப்பது பாதுகாப்பு. பெரியம்மாவின் விரல் முதலில் எண் காட்டாததற்குக் கொழுந்துக் கறையை மிஸ் குற்றம் சொன்னார். எனக்குச் சந்தேகம். விரல் ஐஸ்போல இருந்தது. குளிரில் இரத்தக்குழாய் சுருங்கினால் கருவிக்குத் துடிப்பு கிடைக்காது.

1970 இல் அல்ட்ரீட்டே என்ற வைத்தியர் மயக்கம் தெளிந்தவர்களை வாட்டுக்கு அனுப்பலாமா என்று பார்க்க ஒரு புள்ளித் திட்டம் போட்டார். அசைவு, மூச்சு, இரத்த அழுத்தம், உணர்வு, நிறம்: ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளி, மொத்தம் பத்து. ஐந்தாவதான நிறத்தில் இளஞ்சிவப்பு இருந்தால் முழுப் புள்ளி. பதுளை மாவட்டத்துத் தமிழரில் எத்தனை பேருக்கு அந்த இரண்டு புள்ளி கிடைத்திருக்கும்! 1995 இல் அவரே நிறத்தை எடுத்துவிட்டு ஒக்சிமீட்டர் எண்ணைப் போட்டார்.

புகையையும் சேர்க்க வேண்டும். லயத்துக் காம்பராவின் விறகடுப்பில் காலையும் மாலையும் குனிந்து நின்றவர்களின் மூச்சுக்குழாய் புகைக்காதவர்களின் குழாய் இல்லை. பீடி இழுத்தவரின் இரத்தத்தில் காபன் மொனொக்சைட் ஒட்டிய ஹீமோகுளோபினையும் சாதாரண ஒக்சிமீட்டர் ஒக்சிஜன் ஏற்றியது என்றே எண்ணிவிடும். உயரத்தின் பங்கு சிறியது, ஆனால் பூச்சியமில்லை. பதுளை நகரம் 680 மீற்றர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே கிண்ணத்தின் அடியில் இருக்கிறது. அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேல். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு அளவு ஒக்சிஜன் குறைவு. அறுவைக்குக் கீழே இறங்கி வருகிறவர் வீட்டுக்கு மேலே ஏறிப் போகிறார். பதுளையில் முகமூடி இல்லாமல் 93 காட்டியவர் அப்புத்தளைப் பக்கத்துத் தம்பேதன்னைக்குப் போய்ச் சேர்ந்தால் என்ன காட்டுவார் என்று டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது யாராவது கேட்கிறார்களா?

குளிரைத்தான் யாரும் ஒக்சிஜன் கணக்கில் சேர்ப்பதில்லை. மயக்கம் தெளியும்போது உடம்பு உதறினால் ஒக்சிஜன் செலவு இரண்டு மடங்கு, சில வேளை மூன்று மடங்காகும். எங்கள் தாத்தாமார் காலத்தில் தோட்டத்தில் கம்பளியைக் கடனாகக் கொடுத்து, சம்பளத்தில் பிடிப்பார்கள். அதைப் பற்றி நல்ல வார்த்தை யாரும் சொன்னதில்லை. தெளியும் அறையில் ஒரு நல்ல கம்பளி, நிமிடத்துக்குக் கால் முதல் அரை லீற்றர் ஒக்சிஜனுக்குச் சமம்.

இனி முகமூடி. தெளியும் அறைக்கு வந்த எல்லோருக்கும் ஒக்சிஜன் போடுவதா, தேவைப்படுகிறவருக்கு மட்டுமா என்பது உண்மையிலேயே கடினமான கேள்வி. தியேட்டரிலிருந்து அந்த அறைக்கு ட்ரொலியில் தள்ளிப் போகிற சில நிமிடங்களில் ஒக்சிஜன் இல்லாமல் போன ஆரோக்கியமான நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்கினருக்குச் செறிவு 90 க்கு இறங்கியதை 1985 ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. எனவே அந்த நடைபாதைக்கு ஒக்சிஜன் கட்டாயம். இதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. படுக்கைக்கு வந்த பிறகுதான் சிக்கல். மோர்பினால் ஒருவரின் மூச்சு பாதியாகக் குறைந்துவிட்டது என்று வையுங்கள். வெறும் காற்றை இழுத்துக்கொண்டிருந்தால் அவர் எண் 90 க்கு நன்றாகக் கீழே விழும். கருவி கத்தும், யாராவது ஓடி வருவார்கள். முகமூடியில் 30 வீதம் போய்க்கொண்டிருந்தால் அதே நோயாளி 96, 97 என்று அழகாகக் காட்டுவார். உள்ளே கரியமில வாயு சேர்ந்துகொண்டே போகும். அவர் தூங்குகிறார் என்று எல்லோரும் நினைப்பார்கள். ஒக்சிஜன் மூச்சுக் குறைவைச் சரிசெய்வதில்லை, மறைக்கிறது. 2004 இல் இதைப் படுக்கையோரத்திலேயே காட்டிய ஆய்வு வந்தது. ஆகவே மூச்சை எண்ணுவதற்கு ஆள் இல்லாத இடத்தில் ஒக்சிமீட்டர் எண்ணை நம்பி முகமூடி போடுவது காவல் நாய்க்கு வாய்க்கூடு போடுகிற வேலை.

சிலிண்டரின் கதை தனி. 2021 ஓகஸ்ட்டில் கொவிட் உச்சத்தில் இருந்தபோது இந்தியக் கடற்படையின் ‘சக்தி’ 100 தொன் திரவ ஒக்சிஜனைக் கொழும்புக்குக் கொண்டுவந்தது; அதே பெயருள்ள நம் கடற்படைக் கப்பலும் சென்னைக்குப் போய் ஏற்றி வந்தது. கொழும்பிலிருந்து பதுளைக்கு வர வேண்டியது லொறி. 2025 நவம்பரில் டித்வா புயலில் மண்சரிந்து மலைப்பாதைகள் துண்டானபோது அந்த லொறியின் அருமை தெரிந்தது. கையால் தூக்கிப் போகும் 680 லீற்றர் சிலிண்டர், நிமிடத்துக்கு 5 லீற்றர் விட்டால் இரண்டே கால் மணி நேரம் வரும். மிச்சம் பிடிக்க நினைத்து முகமூடிக்கு 2 லீற்றராகக் குறைக்கிற வேலையை நான் பார்த்திருக்கிறேன். அது தப்பு. சாதாரண முகமூடியில் ஐந்துக்குக் கீழே போனால் நோயாளி தான் விட்ட மூச்சையே திரும்ப இழுப்பார். மிச்சம் பிடிக்க வேண்டுமானால் மூக்குக் குழாய்க்கு மாற்ற வேண்டும்.

இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால் நான் எடுக்கும் நிலை இதுதான். குழாயை எடுக்குமுன் நூறு வீதம் இருக்கட்டும். நுரையீரல் ஓரத்தில் கொஞ்சம் சுருங்குவது மூச்சு இழுக்க வைத்தால் விரியும், மூளை திரும்ப வராது. அதைத் தாண்டினால் அளவை எண்ணுக்கு ஏற்பக் குறைக்க வேண்டும், 94 க்கு மேல் நின்றால் போதும். வாட்டுக்கு அனுப்புமுன் பத்து நிமிடம் முகமூடியைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து மூச்சை எண்ண வேண்டும். செலவில்லாத பரிசோதனை. ஆனால் ஒரு ஆளின் பத்து நிமிடம் வேண்டும். வரிசையில் அடுத்த ட்ரொலி நிற்கும் இடத்தில் ஒக்சிஜனைவிடத் தட்டுப்பாடான சரக்கு அதுதான்.

அந்த ஆள் எந்த மொழியில் பேசுவார் என்ற கேள்விக்கு நான் படித்த எந்த ஆய்விலும் பதில் இல்லை. தசை மருந்து தேய்ந்துவிட்டதா என்று பார்க்க இன்றும் பல இடங்களில் “தலையைத் தூக்கி ஐந்து எண்ணும்வரை வைத்திரு, கையை இறுக்கிப் பிடி, நாக்கை நீட்டு” என்றுதான் சொல்கிறார்கள். கட்டளை புரியாதவர் தலையைத் தூக்கமாட்டார். அது மருந்தின் மிச்சமா, மொழியின் தூரமா? இரண்டு தப்புக்கும் வழியிருக்கிறது: தெளிந்தவரைத் தெளியவில்லை என்று வைத்திருப்பது, அல்லது எப்படியும் புரியாதென்று சோதனையையே விட்டுவிடுவது. 2012 குடிசன மதிப்பின்படி பதுளை மாவட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் தமிழர். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்புத் திருத்தம் சொன்னது 1987 இல். பெயர்ப்பலகைகளில் தமிழ் வந்துவிட்டது, எழுத்துப் பிழையோடு. மயக்கத்தில் கிடப்பவரால் பலகை வாசிக்க முடியாது.

அன்று பெரியம்மா கண் விழித்ததும் முதலில் கேட்டது தண்ணி. இரண்டாவது, தன் தோடு எங்கே என்று. மிஸ் சிரித்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டு, “மல்லி, நான் சொல்லுறத தமிழ்ல சொல்லுங்க, எழுதிக்கிறேன்” என்றார். கண்ணைத் திறங்க, கையப் பிடிங்க, தலையத் தூக்குங்க, நல்லா மூச்சி இழுங்க. ஒவ்வொன்றையும் சிங்கள எழுத்தில் ஒரு பிளாஸ்டர் துண்டில் எழுதி மொனிட்டரின் ஓரத்தில் ஒட்டினார். கடைசி வரியை எனக்கு வாசித்துக் காட்டினார். எழுத்தில் ‘மூச்சு’ என்றுதான் வரவேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். வேண்டாமென்று விட்டுவிட்டேன். மேலேயிருந்து இறங்கி வருகிறவர்கள் எல்லோரும் ‘மூச்சி’ என்றுதான் சொல்வார்கள்.